பல இயங்குதளங்களில் வெப் சர்வர் நிறுவுவதை ஆட்டோமேட் செய்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

உபுண்டுவில் எழுதிய இன்ஸ்டால் ஸ்கிரிப்டை ரெட் ஹாட் குடும்பத்தைச் சேர்ந்த ராக்கி லினக்ஸில் ஓட்டினால் முதல் வரியிலேயே நின்றுவிடும். அங்கே பேக்கேஜ்களை நிறுவும் கருவி ஏபிடி கிடையாது, டிஎன்எஃப்தான். அதைத் திருத்தினால் அடுத்த வரியில் பேக்கேஜ் பெயர் உதைக்கும். அப்பாச்சி என்ற வெப் சர்வருக்கு டெபியன், உபுண்டுவில் ‘அப்பாச்சி2’ என்று பெயர். ரெட் ஹாட் குடும்பத்தில் ‘எச்டிடிபிடி’. இவையெல்லாம் நல்ல பிழைகள். நடக்கும்போதே கத்திவிடும், உடனே திருத்திவிடலாம். நம் பொழுதைத் தின்பவை வேறு வகை: ஸ்கிரிப்ட் ஒரு குறையும் சொல்லாமல் முடிந்திருக்கும், பிரவுசரில் மட்டும் பக்கம் வராது.

அந்த இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். இயங்குதளங்களுக்கு இடையே பெயர்கள் மட்டும்தான் வேறு என்று நினைத்துக்கொண்டு, ஒரு பெயர் அட்டவணையோடு வேலையை முடித்துவிடுகிறோம். அட்டவணை தேவைதான். அப்பாச்சி ஓடும் யூசர் டெபியனில் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’, ரெட் ஹாட்டில் ‘அப்பாச்சி’, ஓப்பன்சூசேயில் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூரன்’, ஃப்ரீபிஎஸ்டியில் வெறும் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ’. கான்ஃபிக் ஃபைல்கள் லினக்ஸில் ‘எட்சி’ டைரக்டரிக்குள் இருக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் ‘யூஎஸ்ஆர்’ உள்ளே, ‘லோக்கல்’ உள்ளே இருக்கும் இன்னொரு ‘எட்சி’க்குள் இருக்கும். இதையெல்லாம் வேரியபிளில் போட்டு வைக்கலாம். ஆனால் நடத்தையை வேரியபிளில் போட முடியாது.

நிறுவியதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். டெபியன் குடும்பத்தில் அப்பாச்சி பேக்கேஜை நிறுவிய கையோடு சர்வீஸ் தானாகவே ஓட ஆரம்பித்துவிடும், ரீபூட்டுக்குப் பிறகும் எழும்படி பதிவாகிவிடும். ரெட் ஹாட் குடும்பத்தில் இரண்டும் நடக்காது. நீங்கள் சொல்ல வேண்டும். உபுண்டுவில் பழகியவர் ‘ஸ்டார்ட்’, ‘எனேபிள்’ இரண்டையும் எழுத மறப்பார், அங்கே வேலை செய்யும், ராக்கியில் செய்யாது. இன்னும் மோசம், ‘ஸ்டார்ட்’ மட்டும் எழுதி ‘எனேபிள்’ எழுதாதது. அடுத்த கெர்னல் அப்டேட்டுக்காக மெஷினை ரீபூட் செய்யும் நாள்வரை யாருக்கும் தெரியாது. எதிர்ப்பக்கமும் ஆபத்து உண்டு: ரெட் ஹாட்டில் பழகியவர், நாம் சொல்லும்வரை எதுவும் ஓடாது என்று நம்பி டெபியனில் நிறுவுவார். அவருடைய கான்ஃபிக் போய்ச் சேர்வதற்கு முன்பே டீஃபால்ட் பக்கம் 80-ஆம் போர்ட்டில் ஊருக்கே தெரிந்துகொண்டிருக்கும். டெபியனில் இதைத் தடுக்க ‘பாலிசி-ஆர்சி.டி’ என்ற சிறு ஸ்கிரிப்டை வைத்து அது 101 என்ற எக்சிட் கோடைத் திருப்பும்படி செய்தால், நிறுவும்போது சர்வீஸ் எழாது. வேலை முடிந்ததும் அதை நீக்க மறக்காதீர்கள்.

அடுத்தது ஃபயர்வால். ரெட் ஹாட் வகைகளில் சாதாரணமாக நிறுவினால் ஃபயர்வால்டி என்ற ஃபயர்வால் சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கும். உபுண்டுவில் அதற்குப் பதில் யூஎஃப்டபிள்யூ இருக்கும், ஆனால் அணைந்திருக்கும். கிளவுட் இமேஜ்களில் ஃபயர்வால்டியே இல்லாமலும் போகலாம், அப்போது அதில் போர்ட்டைத் திறக்கச் சொல்லும் டாஸ்க்கே (ஸ்கிரிப்டின் அந்தப் படியே) தோற்கும். இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திறப்பதே சரி. ஃபயர்வால்டியில் ‘பெர்மனன்ட்’ என்று சொல்லி ரூல் போட்டால் ரீலோட் செய்யும்வரை அது அமலுக்கு வராது. சொல்லாமல் போட்டால் உடனே அமலாகும், ரீபூட்டில் காணாமல் போகும். ஸ்கிரிப்டில் இரண்டில் ஒன்றை மட்டும் எழுதி வைத்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

எந்த புரோகிராம் எதைத் தொடலாம் என்று பாலிசி வைத்துக் கட்டுப்படுத்தும், ரெட் ஹாட் குடும்பத்தின் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸ்தான் எல்லாவற்றிலும் மூத்த வில்லன். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை ரிவர்ஸ் பிராக்சியாக (வரும் கோரிக்கையைப் பின்னாலிருப்பதற்குக் கடத்தும் இடையாளாக) வைத்து, பின்னால் ஒரு அப்ளிகேஷன் ஓடுகிறது என்று வையுங்கள். உபுண்டுவில் அருமையாக ஓடும். அதே கான்ஃபிக் ரெட் ஹாட் குடும்பத்து அல்மாலினக்ஸில் 502 எரர் தரும், எரர் லாக்கில் ‘பெர்மிஷன் டினைட்’ என்று வரும். உடனே எல்லோரும் ஃபைல் பெர்மிஷனை 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) ஆக்கிப் பார்ப்பார்கள், ஒன்றும் மாறாது. அங்கே தடுப்பது ஃபைல் பெர்மிஷன் அல்ல. வெப் சர்வர் வெளியே நெட்வொர்க் கனெக்‌ஷன் போடக்கூடாது என்று எஸ்இலினக்ஸ் பாலிசி சொல்கிறது. ‘எச்டிடிபிடி கேன் நெட்வொர்க் கனெக்ட்’ என்ற பூலியனை (ஆன்/ஆஃப் சுவிட்சை) நிரந்தரமாக ஆன் செய்ய வேண்டும். பெயரில் எச்டிடிபிடி இருந்தாலும் என்ஜின்எக்ஸுக்கும் அதுதான் பொருந்தும். ஹோம் டைரக்டரியிலிருந்து ‘எம்வி’ கட்டளையால் நகர்த்திய ஃபைல்கள் பழைய எஸ்இலினக்ஸ் லேபிளோடு வந்து சேரும், ‘ரெஸ்டோர்கான்’ ஓட்டும்வரை அவற்றை சர்வர் படிக்காது. பாலிசி பட்டியலில் இல்லாத போர்ட்டில் சர்வரை ஓட்ட நினைத்தால் ‘செமேனேஜ்’ மூலம் அந்தப் போர்ட்டைச் சேர்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் பொதுவாகச் சொல்லப்படும் வைத்தியம், எஸ்இலினக்ஸ் தடுப்பதையே நிறுத்தும் ‘செட்என்ஃபோர்ஸ் 0’ கட்டளை. அந்த வரி பல ப்ளேபுக்குகளில் (ஆன்சிபிள் என்ற ஆட்டோமேஷன் கருவிக்கு டாஸ்க்குகளை வரிசையாக எழுதிக்கொடுக்கும் ஃபைல்களில்) நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. பாதுகாப்பைத் தூக்கிப் போடுவது ஒருபக்கம் இருக்கட்டும், அந்தக் கட்டளை அடுத்த ரீபூட்வரைதான் செல்லும். அதன் பிறகு அதே 502 திரும்பி வரும், அப்போது யாருக்கும் காரணம் நினைவிருக்காது.

சரி, இயங்குதளக் குடும்பத்தைப் பார்த்து முடிவெடுத்தால் போதுமா? அதுவும் போதாது. உபுண்டுவின் சொந்த ரிப்பாசிட்டரியிலிருந்து வரும் என்ஜின்எக்ஸில் ‘சைட்ஸ்-அவெய்லபிள்’, ‘சைட்ஸ்-எனேபிள்டு’ ஃபோல்டர்கள் இருக்கும். என்ஜின்எக்ஸ் திட்டமே நடத்தும் ரிப்பாசிட்டரியிலிருந்து அதே உபுண்டுவில் நிறுவினால் அவை இருக்காது, ‘கான்ஃப்.டி’ மட்டும்தான், யூசரும் ‘என்ஜின்எக்ஸ்’ ஆகிவிடும். எங்கிருந்து நிறுவுகிறோம் என்பதையும் ஸ்கிரிப்டே தீர்மானிக்க வேண்டும், மெஷினில் ஏற்கெனவே இருப்பதை நம்பக்கூடாது.

இரண்டாம் முறை ஓட்டிப் பார்க்காமல் விடுவது

கான்ஃபிக் ஃபைலின் கடைசியில் ‘எக்கோ’வால் ஒரு வரியைச் சேர்க்கும் ஸ்கிரிப்ட் முதல் முறை சரியாக ஓடும். இரண்டாம் முறை ஓட்டினால் ‘லிசன்’ வரி இருமுறை வந்து அப்பாச்சி எழாமல் போகும். வரி வரியாகத் திருத்துவதைவிட முழு ஃபைலையும் டெம்ப்ளேட்டாக வைத்து எழுதுவதே நல்லது. ஆன்சிபிளில் ‘ஷெல்’ மாட்யூலைத் தாராளமாகப் பயன்படுத்தினால், ஒவ்வொரு முறையும் ‘சேஞ்ச்டு’ என்றே காட்டும்; உண்மையில் எது மாறியது என்று தெரியாமல் போகும். அடுத்தடுத்து இருமுறை ஓட்டி, இரண்டாம் முறை மாற்றம் 0 என்று வருகிறதா என்று பாருங்கள்.

இதில் ஹேண்ட்லர் சம்பந்தமான ஒரு பொறி பலருக்குத் தெரிவதில்லை. ஆன்சிபிளில் கான்ஃபிக் மாறினால் ரீஸ்டார்ட் செய்யும் ஹேண்ட்லர் உடனே ஓடாது, டாஸ்க்குகள் எல்லாம் முடிந்த பிறகுதான் ஓடும். நடுவில் வேறொரு டாஸ்க் தோற்றால் அந்த ஹோஸ்டில் ஹேண்ட்லர் ஓடவே ஓடாது. நீங்கள் அந்தத் தவறைத் திருத்தி மறுபடி ஓட்டுவீர்கள். கான்ஃபிக் ஃபைல் ஏற்கெனவே புதியதாக இருப்பதால் ‘மாற்றமில்லை’ என்று சொல்லும், ஹேண்ட்லருக்குத் தகவல் போகாது. ஃபைல் புதிது, ஓடும் சர்வர் பழையது, ரிப்போர்ட் முழுக்கப் பச்சை. ‘ஃபோர்ஸ் ஹேண்ட்லர்ஸ்’ அமைப்பை ஆன் செய்வது அல்லது முக்கியமான இடத்தில் ‘ஃப்ளஷ் ஹேண்ட்லர்ஸ்’ போடுவது இதைத் தடுக்கும்.

ரீஸ்டார்ட்டுக்கு முன் சின்டாக்ஸ் சோதனை கட்டாயம். என்ஜின்எக்ஸுக்கு ‘மைனஸ் டி’, அப்பாச்சிக்கு ‘கான்ஃபிக்டெஸ்ட்’. தவறான கான்ஃபிக்கோடு ரீலோட் சொன்னால் ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின்எக்ஸ் பழைய கான்ஃபிக்கிலேயே தொடரும். ரீஸ்டார்ட் சொன்னால் படுத்துவிடும். ஆன்சிபிள் டெம்ப்ளேட்டின் ‘வேலிடேட்’ வசதி நல்லதுதான், ஆனால் அது முழு கான்ஃபிக்குக்கே பொருந்தும். ஒரு சைட்டுக்கான துண்டு ஃபைலை மட்டும் அப்படிச் சோதித்தால், ஃபைல் சரியாக இருந்தாலும் தவறு என்றே சொல்லும்.

எச்டிடிபிஎஸ்ஸுக்கான எஸ்எஸ்எல்லில் முட்டையா கோழியா சிக்கல் உண்டு: கான்ஃபிக் குறிப்பிடும் சான்றிதழ் ஃபைல் இன்னும் இல்லையென்றால் என்ஜின்எக்ஸ் எழாது, அது எழாவிட்டால் எச்டிடிபி வழியாகச் சான்றிதழ் வாங்க முடியாது. முதலில் 80-ஆம் போர்ட் கான்ஃபிக் மட்டும், சான்றிதழ் வந்த பிறகு 443. சோதனையின்போது இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டின் ஸ்டேஜிங் (ஒத்திகை) சர்வரையே பயன்படுத்துங்கள். உண்மையான சர்வரில் ஒரே பெயர்களுக்கு 7 நாளில் 5 சான்றிதழ்தான் கிடைக்கும். மெஷினை அழித்து அழித்துச் சோதிப்பவர் அந்த எல்லையை ஒரே மதியத்தில் தொட்டுவிடுவார்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. டெபியனில் கேள்வி கேட்டு நிற்காமலிருக்க ‘டெபியன் ஃப்ரன்ட்எண்ட்’ மாறியை ‘நான்இன்டராக்டிவ்’ ஆக வையுங்கள். புதிதாக எழுந்த உபுண்டு மெஷினில் தானியங்கி அப்டேட் ஏபிடி லாக்கைப் பிடித்து வைத்திருக்கும். காத்திருக்கும் நேரத்தை ஸ்கிரிப்டில் கொடுங்கள். ஆல்பைனிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் பாஷ் ஷெல் தானாக வராது. டெபியனில் ‘எஸ்எச்’ என்பது டாஷ், பாஷ் அல்ல. விண்டோஸ் எடிட்டரில் சேமித்த ஷெல் ஸ்கிரிப்டில் வரி முடிவு மாறியிருந்தால் ‘பேட் இன்டர்ப்ரிட்டர்’ என்று லினக்ஸ் திட்டும்.

விண்டோஸை இதே ரோலுக்குள் (ஆன்சிபிளில் டாஸ்க்குகளின் தொகுப்பு) திணிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே ஐஐஎஸ் என்ற வெப் சர்வர் தனியாக இறக்கும் பேக்கேஜ் அல்ல, இயங்குதளத்தின் ஓர் அம்சம். சர்வர் பதிப்பில் அதை ஆன் செய்யும் பவர்ஷெல் கட்டளை டெஸ்க்டாப் பதிப்பில் வேலை செய்யாது, அதற்கு வேறு கட்டளை. கனெக்‌ஷனும் பெரும்பாலும் எஸ்எஸ்எச் அல்ல, 5985 அல்லது 5986 போர்ட்டில், விண்டோஸைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வசதியான வின்ஆர்எம். ‘விண்டோஸ் என்றால் இது, இல்லையென்றால் அது’ என்று ஒவ்வொரு டாஸ்க்கிலும் நிபந்தனை போட்டால் மூன்று மாதத்தில் அந்த ஃபைலைப் படிக்க ஆள் கிடைக்காது. தனி ரோல், தனி ஃபைல். லினக்ஸ் குடும்பங்களுக்குள்ளேயும் குடும்பத்துக்கு ஒரு டாஸ்க் ஃபைல் வைப்பதே வசதி.

சோதிக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். டாக்கர் கன்டெய்னரில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடித்துக்கொள்கிறோம். சாதாரண கன்டெய்னரில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி ஓடாது, ஃபயர்வால்டி இருக்காது, கெர்னல் ஹோஸ்டினுடையது என்பதால் எஸ்இலினக்ஸும் அந்த இயங்குதளத்தில் இருப்பதுபோல் நடக்காது. அதாவது மேலே சொன்ன வேறுபாடுகள் எல்லாம் அங்கே மறைந்துபோகும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு விர்ச்சுவல் மெஷின் எழுப்பி, ஸ்கிரிப்டை இருமுறை ஓட்டி, ரீபூட் செய்து, பிறகு வெளியே இன்னொரு மெஷினிலிருந்து பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். அதே மெஷினில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று கேட்டால் ஃபயர்வால் மூடியிருந்தாலும் 200 (பக்கம் சரி) என்றே வரும். உண்மையான சர்வர்களுக்குப் போகும்போது ஒரு தடவைக்கு எத்தனை சர்வர் என்று சொல்லும் ஆன்சிபிளின் ‘சீரியல்’ அமைப்பில் முதலில் 1, அப்புறம் மீதி என்று கொடுத்து, இதே வெளிச் சோதனையையும் ப்ளேபுக்கிலேயே ஒரு டாஸ்க்காக வைத்துவிட்டால், முதல் சர்வர் விழுந்தவுடன் மற்றவற்றைத் தொடாமல் அங்கேயே நின்றுவிடும்.