பழைய டூம் மெகாவாட்களை ஆடுவது எப்படி: ஒவ்வொரு மேப்பும் வெறும் பிஸ்டலோடு

கோடை விடுமுறைக்கு வந்த அக்கா மகன், டூம் என்ற பழைய துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டுக்காக நான் சேர்த்து வைத்திருக்கும் மேப்களில், அதாவது ஆட்டக் களங்களில், ஒன்றைத் திறந்து ஆடினான். இருபது நிமிடத்தில் மூடிவிட்டான். "என்ன மாமா, இதையா இத்தனை வருஷமா ஆடிக்கிட்டு இருக்கீங்க? நாலு தாவு தாவினேன், நேரா கடைசி ஸ்விட்ச் பக்கத்துல வந்து நின்னுட்டேன்" என்றான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவன் மேல் தப்பில்லை. அவன் இறக்கி வைத்திருந்த புரோகிராம் குதிக்க விட்டது. 1993 டிசம்பரில் வந்த டூமில் குதிப்பதற்கு பட்டனே கிடையாது. அதில் நாம் ஏறக்கூடிய படியின் உயரம் அதிகபட்சம் 24 அலகு. 25 அலகு ஆனால் அது சுவர். மேப் செய்தவர் இந்தக் கணக்கை நம்பித்தான் ஒவ்வொரு திண்ணையையும் ஜன்னல் விளிம்பையும் வைத்திருப்பார். சாவி கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது, ஊரைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் எடுக்க வேண்டும். குதிக்க விட்டுவிட்டால் அந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை.

அன்று ராத்திரி அவனுக்கு ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். பழைய மெகாவாட்களை முதல்முறை ஆடப்போகும் எவருக்கும் இது போதும்.

முதலில் பெயர். மின்சார வாரியத்தின் மெகாவாட் அல்ல இது. டூமை எழுதிய ஜான் கார்மாக், விளையாட்டை ஓட்டும் எஞ்சினைத் தனியாகவும், மேப், படம், சத்தம் எல்லாவற்றையும் 'வாட்' என்ற ஃபைலில் தனியாகவும் வைத்தார். வீட்டை இடிக்காமல் உள்ளே இருக்கும் சாமான்களை மட்டும் மாற்றலாம் என்பது மாதிரி. 1994-லேயே ரசிகர்கள் சொந்தமாக எடிட்டர் எழுதி, தங்கள் மேப்களைச் செய்து இணையத்தில் இலவசமாக விட ஆரம்பித்தார்கள். அந்த வருடமே வந்த டூம் 2-இல் மொத்தம் 32 மேப்கள், அதில் இரண்டு ரகசியம். இந்த 32 இடத்தையும், அல்லது அதில் பாதியையாவது, புது மேப்களால் நிரப்பும் தொகுப்புதான் மெகாவாட்.

என்னென்ன வேண்டும்

இரண்டே பொருள்கள். ஒன்று, டூம் 2-இன் அசல் வாட் ஃபைல். ரசிகர்களின் வாட் தனியாக ஓடாது, சுவரின் படங்களையும் அரக்கர்களையும் அசலிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஸ்டீம், காக் என்ற இணையக் கடைகளில் ஒன்றில் டூம் 2-ஐ விலைக்கு வாங்கினால், இறங்கிய ஃபோல்டருக்குள் அது இருக்கும். 2024-இல் வந்த மறுபதிப்பில் ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபைல்கள் வெவ்வேறு ஃபோல்டர்களில் கிடக்கலாம். பழைய 1.9 பதிப்பின் அளவு 14,604,584 பைட். அந்த அளவுள்ளதைப் பார்த்து எடுங்கள். காசு செலவழிக்க இப்போதைக்கு மனமில்லை என்றால் ஃப்ரீடூம் என்ற இலவசத் தொகுப்பின் இரண்டாம் பாகத்தை வைத்தும் பெரும்பாலான மெகாவாட்கள் ஓடும். ஆனால் சுவர்களும் அரக்கர்களும் வேறு முகத்தோடு வருவார்கள். முதல்முறை ஆடுபவருக்கு அசல்தான் நல்லது.

இரண்டாவது, சோர்ஸ் போர்ட். 1997 டிசம்பர் 23 அன்று ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் டூமின் மூல நிரலை வெளியிட்டது. அதை எடுத்து இன்றைய கணினிகளில் ஓடும்படி ரசிகர்கள் செய்த புரோகிராம்களுக்குத்தான் இந்தப் பெயர். பல உண்டு. 1995-லிருந்து 2003 வரை வந்த மெகாவாட்களுக்கு நான் சொல்வது கிறிஸ்பி டூம். சாக்லேட் டூம் என்ற இன்னொன்று பழைய டாஸ் பதிப்பை அச்சு அசலாகக் காப்பாற்றுகிறது, அதன் குறைகளையும் சேர்த்து. ஒரே பார்வையில் தரையும் கூரையுமாக 128 தளத்துண்டுகளுக்கு மேல் வந்தால் அசல் டூம் அப்படியே விழுந்துவிடும், சாக்லேட் டூமும் விழும். கிறிஸ்பி டூம் அந்த வரம்புகளை எடுத்துவிட்டு, ஆட்டத்தின் குணத்தை மட்டும் மாற்றாமல் வைத்திருக்கிறது. ஜிஇசட் டூம் அழகானது, வசதி நிறைந்தது. ஆனால் அக்கா மகன் மாட்டிக்கொண்டது அதில்தான். அதையே ஆடுவதானால் குதிப்பதையும் மேலே கீழே பார்ப்பதையும் முதலில் அணைத்துவிடுங்கள்.

சரி, ஓட்டுவது எப்படி? கிறிஸ்பி டூமை ஒரு ஃபோல்டரில் விரித்து, அசல் வாட் ஃபைலை அதே ஃபோல்டரில் போடுங்கள். அப்புறம் மெகாவாட்டின் ஃபைலை மவுஸால் இழுத்து கிறிஸ்பி டூமின் ஐகான் மேல் விடுங்கள். விண்டோஸில் இவ்வளவுதான் வேலை. மெனுவில் 'எப்போதும் ஓடு' என்பதைப் போட்டுவிடுங்கள். அதோடு, மவுஸை முன்னே தள்ளினால் ஆள் முன்னே நடப்பதை அமைப்புகளில் அணைக்க வேண்டும், இல்லையென்றால் சுடத் திரும்பும்போதெல்லாம் நீங்களே அரக்கன் மடியில் போய் விழுவீர்கள்.

டெக்ஸ்ட் ஃபைலைத் திறக்காமல் ஆடாதீர்கள்

ரசிகர் மேப்கள் எல்லாம் ஐடிகேம்ஸ் என்ற பெரிய காப்பகத்தில் இருக்கின்றன. டூம் 2 பகுதிக்குள் மெகாவாட்களுக்கென்றே ஒரு ஃபோல்டர் உண்டு. எந்த ஜிப்பை இறக்கினாலும் உள்ளே வாட் ஃபைலுக்குப் பக்கத்தில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். செய்தவர் யார், எந்த எடிட்டர், எத்தனை நாள் உழைப்பு, தெரிந்த குறைகள் என்ன என்று எல்லாம் ஒரே படிவத்தில். அதில் கடினநிலை பற்றிய வரியைக் கட்டாயம் பாருங்கள். 'செய்யப்படவில்லை' என்று போட்டிருந்தால், மெனுவில் சுலபமானதைத் தேர்ந்தெடுத்தும் ஒரு அரக்கன்கூடக் குறைய மாட்டான்.

நான் இதைப் படிக்காமல் ஒருமுறை ஏமாந்தேன். 'மெமென்டோ மோரி'க்கு இசை தனி வாட் ஃபைலாக வரும். அதைப் போடாமலேயே 14 மேப் ஆடிவிட்டேன், டூம் 2-இன் வழக்கமான பாட்டுகளோடு. பிறகு இரண்டு ஃபைலையும் சேர்த்துப் பிடித்து இழுத்துவிட்டு, முதல் மேப்பிலிருந்து திரும்ப ஆடினேன். அதற்கென்றே எழுதப்பட்ட இசையோடு கேட்டபோது, ஏற்கனவே நடந்து பழகிய அறைகள்கூட வேறு இடம் மாதிரி இருந்தன.

பிஸ்டல் ஸ்டார்ட்

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். ஒரு மேப்பை முடித்து அடுத்ததற்குப் போகும்போது கையிலுள்ள ஆயுதம் எல்லாம் கூடவே வரும். பத்தாவது மேப் வருவதற்குள் ராக்கெட் லாஞ்சர், பிளாஸ்மா துப்பாக்கி, நூற்றுக்கணக்கில் தோட்டா. அப்போது மேப் செய்தவர் யோசித்து வைத்த எதுவும் உங்களைத் தொடாது. ஷாட்கன் அந்த மூலையில் ஏன் இருக்கிறது, அதை எடுக்கப் போகும் வழியில் ஏன் இம்ப் என்ற அரக்கர்கள் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்பதெல்லாம் வெறும் பிஸ்டலும் 50 தோட்டாவும் கையில் இருந்தால்தான் புரியும். நல்ல மெகாவாட்களில் பெரும்பாலும் எந்த மேப்பையும் பிஸ்டலில் தொடங்கி முடிக்கலாம்.

செய்வது சுலபம். புது மேப் வந்ததும் கீபோர்டில் ஐ, டி, சி, எல், இ, வி என்ற ஆறு எழுத்துகளை அடித்து, தொடர்ந்து மேப்பின் எண்ணை இரண்டு இலக்கத்தில் அடியுங்கள். ஏழாவது மேப் என்றால் 07. அதே மேப் புதிதாகத் தொடங்கும், கையில் பிஸ்டல் மட்டும். கடினநிலை மூன்றாவதில், அதாவது 'ஹர்ட் மீ ப்ளென்டி'யில் ஆரம்பியுங்கள். நான்காவதான 'அல்ட்ரா வயலன்ஸ்' இரண்டாம் சுற்றுக்கு. மேப்பின் தொடக்கத்தில் ஒரு சேவ், நடுவில் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு சேவ், அவ்வளவே போதும். நான் ஒரு 80 பக்க நோட்டில் மேப் எண், நேரம், எத்தனை சாவு, எங்கே செத்தேன் என்று நான்கு பத்தி போட்டு எழுதி வருகிறேன். 'எங்கே செத்தேன்' என்ற பத்திதான் அதிகம் கற்றுக்கொடுத்தது.

எந்த வரிசையில்

பலரும் வருடப்படி ஆடச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 2003-இல் எரிக் ஆல்ம் தனியாளாகச் செய்த 'ஸைத்' தொகுப்பில் ஆரம்பியுங்கள். அதன் முதல் பத்து மேப்கள் மிகச் சின்னவை, ஒவ்வொன்றும் சில நிமிடம்தான். ஒரு மேப்பில் ஒரே ஒரு யோசனை. தோற்றால் திரும்பத் தொடங்க அலுப்பு இருக்காது, அதனால் பிஸ்டல் ஸ்டார்ட் தானாகவே பழகிவிடும். போகப்போக மேப் பெரிதாகும், கைகளும் கூடவே வளரும். கடைசிப் பத்து நிஜமாகவே கடுமை. முப்பதாவது மேப்பில் எனக்கு நோட்டில் ஒரு முழுப் பக்கம் போனது.

அடுத்து 1995-இன் 'மெமென்டோ மோரி'. டெனிஸ் மோலர், தாமஸ் மோலர் இருவரும் பலரைச் சேர்த்துச் செய்தது. ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு மாதிரி, அதனால் தரம் ஏறி இறங்கும், எனக்கு அதுவே பிடிக்கும். பிடித்திருந்தால் இரண்டாம் பாகம், பிறகு 1997-இன் 'ரெக்வியம்'. டூம் எஞ்சினில் ஒரு தரைக்கு மேலே இன்னொரு தரை வைக்க முடியாது. ஆனால் ரெக்வியத்தில் இக்கா கெரானென் செய்த மேப்களில் பாலத்தின் மேலும் நடக்கலாம், கீழும் நடக்கலாம். எப்படி ஏமாற்றினார் என்று நின்று பாருங்கள்.

பிறகு 'புளூட்டோனியா'. இங்கிலாந்தைச் சேர்ந்த டேரியோ, மைலோ கசாலி சகோதரர்கள் செய்தது. 1996-இல் 'ஃபைனல் டூம்' என்ற பெயரில் கடையிலேயே விற்றார்கள், டீம் டிஎன்டி குழுவின் 'எவில்யூஷன்' தொகுப்போடு சேர்த்து. இவை இரண்டும் தனி அசல் வாட்கள், டூம் 2 இல்லாமலேயே ஓடும். புளூட்டோனியாவின் 11-ஆவது மேப் 'ஹன்டட்' ஒரு புதிர்ப்பாதை. உள்ளே ஆர்ச்வைல் என்ற அரக்கர்கள் உலவுவார்கள். அவசரப்படாமல், ஒவ்வொரு மூலையிலும் நின்று, காதைத் தீட்டிக்கொண்டு ஆடுங்கள். எவில்யூஷனின் 31-ஆவது மேப்பில் மட்டும் கவனம்: பழைய பதிப்பில் மஞ்சள் சாவி தனியாள் ஆட்டத்தில் தோன்றவே தோன்றாது. அதற்குத் திருத்த ஃபைல் உண்டு.

அதற்கப்புறம் 2001-இன் 'ஏலியன் வென்டெட்டா'. 20-ஆவது மேப் 'மிஸ்ரி ஹாலெக்', கிம் மால்டே செய்தது, ஒரு முழு எகிப்தியப் பிரமிடு. ஒரு ஞாயிறு மதியத்தை அதற்கென்று ஒதுக்குங்கள். உள்ளே போகப்போக வழிகள் பிரிந்துகொண்டே இருக்கும். டேப் கீயை அழுத்தி வரைபடத்தை அடிக்கடி பாருங்கள், இல்லையென்றால் வந்த வழியிலேயே திரும்ப வந்து நிற்பீர்கள். கடைசியாக 1997-இன் 'ஹெல் ரிவீல்ட்', இஸ்ரேலைச் சேர்ந்த யோனாதன் டோனரும் ஹகாய் நிவும் செய்தது. ஒரு அறைக்குள் அரக்கர் கூட்டத்தைக் கொட்டும் பாணியை நிலைநிறுத்தியது இதுதான். முந்தையவற்றை முடிக்காமல் இதைத் தொட வேண்டாம்.

மூன்று அரக்கர்களை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்

ஆர்ச்வைல் கையைத் தூக்கினால் உங்களைச் சுற்றித் தீ எரியும். பயந்து ஓடாதீர்கள், அதன் பார்வையை மறையுங்கள். தீ முடியும் நொடியில் நடுவே ஒரு தூண் இருந்தால் போதும், அடி விழாது. செத்த அரக்கர்களை அது எழுப்பிவிடும், ஆகவே கூட்டத்தில் முதலில் சுட வேண்டியது அதைத்தான்.

ரெவனன்ட் விடும் ராக்கெட்டைக் கவனியுங்கள். வால் போலப் புகை வந்தால் அது உங்களைத் தேடி வளையும், சுவரில் மோத வைத்துத்தான் தப்ப முடியும். புகை இல்லை என்றால் ஒரு அடி நகர்ந்தாலே போதும்.

செயின்கன்னர் சுடும் தோட்டா பறந்து வராது, சுட்ட கணமே பட்டுவிடும். திறந்த வெளியில் அவனோடு நேருக்கு நேர் நிற்கக் கூடாது. கதவோரம் நின்று, எட்டிப் பார்த்துச் சுட்டு, திரும்ப மறைய வேண்டும்.

கூட்டம் பெரிதாக இருந்தால் சுடாமலேயே சுற்றி ஓடுங்கள். ஒரு இனத்தின் அடி இன்னொரு இனத்தின் மேல் பட்டால் அவர்களுக்குள்ளேயே சண்டை மூண்டுவிடும். ஹெல் ரிவீல்டில் இதைச் செய்யாவிட்டால் தோட்டா பத்தவே பத்தாது.

ஒரு மேப்பை முடித்த பிறகு அதன் டெமோ பதிவுகளைத் தேடிப் பாருங்கள். வல்லவர்கள் ஆடியதன் கீ அழுத்தங்களை மட்டும் சேமித்த குட்டி ஃபைல்கள் அவை. நான் பதினைந்து நிமிடம் உருண்ட அறையை ஒருவர் ஒரே சுற்றில் கடப்பதைப் பார்த்தபின், அடுத்த நாள் அதே மேப்பைத் திரும்பத் திறக்காமல் இருக்க முடியாது.

அக்கா மகன் ஊருக்குப் போய்விட்டான். நேற்று போன் செய்தான், ஸைத்தில் 24-ஆவது மேப்பாம். "மாமா, தோட்டா பத்தல, முன் மேப்ல இருந்த ஷாட்கனை மட்டும் கொண்டு வந்துக்கட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம், தொடங்கும் இடத்தில் நின்று முதலில் நாலு பக்கமும் பார் என்று சொல்லியிருக்கிறேன்.