திறக்காத சைக்கிள் பூட்டும் இரவல் கிரைண்டரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூட்டு திறக்கவில்லை என்றதும் முதலில் வருவது கோபம். அடுத்தது, "யாரிடமாவது கிரைண்டர் இருக்குமா?" என்ற கேள்வி. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு ராத்திரி இடைவெளி விட்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மாடிப்படிக்கு அடியில் மாதக்கணக்கில் கிடந்த சைக்கிள். அதன் யு-பூட்டுக்குள் (யு வடிவ இரும்பு வளையம் கொண்ட பூட்டு) சாவி போனது, திரும்பவில்லை. பத்து நிமிடம் மல்லுக்கட்டிவிட்டு, நண்பரிடம் ஆங்கிள் கிரைண்டர் இரவல் வாங்கி வந்தேன். மாவு அரைப்பது அல்ல, வேகமாகச் சுழலும் வட்டத் தகட்டால் இரும்பை அறுக்கும் கைக்கருவி. பூட்டு அறுபட்டது. கூடவே ஃப்ரேம் குழாயில் ஒரு கீறல், டயரின் பக்கவாட்டில் பொத்தல் பொத்தலாகப் பொசுங்கல். மறுநாள் சும்மா இருக்க முடியாமல், அறுபட்ட பூட்டில் எண்ணெய் விட்டு ஊறவைத்துச் சாவியைத் திருப்பினேன். வெண்ணெய் மாதிரித் திறந்தது.

பூட்டு, சைக்கிள், உங்கள் கண்ணும் கையும். இந்த மூன்றில் மலிவானது பூட்டுதான். ஆனால் அவசரத்தில் நமக்குப் பூட்டு மட்டும்தான் கண்ணில் படுகிறது. கீழே சொல்லும் தவறுகள் எல்லாமே ஏறக்குறைய அங்கிருந்து கிளம்புபவைதான்.

இயந்திரத்தைத் தேடிப் போவதற்கு முன்

திரும்பாத சாவியைக் குறடு வைத்துத் திருப்புவது முதல் தவறு. சாவியின் உலோகம் மென்மையானது. பூட்டு அசைவதற்கு முன் சாவி முறியும். பாதிச் சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் அதுவரை சின்னதாக இருந்த சிக்கல் பெரிதாகிவிடும். சூப்பர் க்ளூவைத் தடவி உடைந்த துண்டை ஒட்டி இழுக்கலாம் என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டாம். பசை துண்டில் ஒட்டுவதைவிடப் பூட்டின் உள்ளே ஒட்டிக்கொள்ளவே வாய்ப்பு அதிகம்.

பல நேரம் பூட்டில் கோளாறே இருக்காது, பாரம்தான் காரணம். சைக்கிள் கொஞ்சம் சரிந்து நின்றால் அதன் எடை முழுக்கப் பூட்டின் வளையத்தில் தொங்கும். உள்ளே இருக்கும் தாழ் அந்த இழுவிசையில் நெருக்குண்டு நகராது. சைக்கிளை லேசாகத் தூக்கி, வளையத்தைப் பூட்டுக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். தேய்ந்த சாவி என்றால், வீட்டில் எங்கோ கிடக்கும் இரண்டாவது சாவியைத் தேடுங்கள். அதிகம் புழங்காத சாவியின் பற்கள் தேயாமல் இருக்கும். எண் பூட்டாக இருந்தால், ஒவ்வொரு வளையத்தையும் ஓர் எண் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பது நல்லது.

அடுத்தது எண்ணெய். சமையல் எண்ணெய், கிரீஸ், கைக்குக் கிடைத்தது என்று எதையும் ஊற்றக் கூடாது. அவை உள்ளே தூசியைப் பிடித்துப் பிசினாக இறுகும். டபிள்யூ.டி-40 ஸ்பிரே தெரியாதவர்கள் குறைவு. 1953-இல் உருவானது, பெயரின் பொருளே நீரை விலக்கும் நாற்பதாவது கலவை என்பதுதான். துருவையும் அழுக்கையும் இளக்கிக் கழுவ அது நன்றாக உதவும். ஆனால் அடித்த மறு நொடியே சாவியைத் திருப்பிவிட்டு "வேலை செய்யவில்லை" என்றால் எப்படி? அரை மணி நேரமாவது விடுங்கள், முடிந்தால் ஒரு ராத்திரி. நடுநடுவே சாவியை விட்டு விட்டு எடுங்கள். வெளியே வரும் சாவியில் கறுப்பு அழுக்கு ஒட்டியிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். கிராஃபைட் தூளும் பூட்டுக்கு நல்லதுதான். ஆனால் எண்ணெய் விட்ட பூட்டில் அதைப் போட்டால் இரண்டும் சேர்ந்து களிம்பாகிவிடும். ஏதாவது ஒன்று போதும்.

சாவி தொலைந்ததுதான் பிரச்சினை என்றால், பூட்டு வாங்கியபோது வந்த சிறு அட்டையைத் தேடிப் பாருங்கள். கிரிப்டோனைட், அபுஸ் போன்ற நிறுவனங்கள் சாவி எண்ணை வைத்து மாற்றுச் சாவி செய்து தருகின்றன.

பூட்டு உங்களுடையதுதானா?

சிரிக்காதீர்கள். நெருக்கமாக நிறுத்தும் இடங்களில் பக்கத்துச் சைக்கிள்காரர் அவசரத்தில் தன் பூட்டை நம் ஃப்ரேமையும் சேர்த்துப் போட்டுவிடுவது உண்டு. அப்படியானால் அது பிறர் சொத்து, அறுக்க நமக்கு உரிமை இல்லை. காத்திருக்க வேண்டும், அல்லது அந்த இடத்துக்குப் பொறுப்பானவரிடம் சொல்ல வேண்டும்.

உங்கள் பூட்டாகவே இருந்தாலும், பொது இடத்தில் தீப்பொறி பறக்கச் சைக்கிள் பூட்டை அறுக்கும் ஆள் பார்ப்பவர்களுக்குத் திருடன்தான். முன்கூட்டியே காவலாளியிடமோ காவல் நிலையத்திலோ சொல்லிவிடுங்கள். வாங்கிய ரசீது, சைக்கிளோடு நீங்கள் நிற்கும் பழைய படம், ஃப்ரேம் எண் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். அந்த எண் பெரும்பாலும் பெடல் அச்சுக்குக் கீழே, ஃப்ரேமின் அடியில் பொறிக்கப்பட்டிருக்கும்.

இரவல் கிரைண்டரை நம்புவது

நம் வீட்டு இயந்திரம் என்றால் அதன் குணம் நமக்குத் தெரியும். இரவல் வந்ததற்கு முன்கதை தெரியாது. யார் கீழே போட்டார்கள், எந்தத் திருகு லூசு, அதில் மாட்டியிருக்கும் தகடு எதை அறுத்தது என்று ஒன்றும் தெரியாது. முடிந்தால் சொந்தக்காரரையும் சேர்த்தே இரவல் வாங்குங்கள் என்பேன். அவருக்குப் பழகிய கை.

நான் வாங்கி வந்ததில் காப்பு மூடி இல்லை. "அது இடைஞ்சலாக இருந்தது, கழற்றிவிட்டேன்" என்றார் நண்பர். அன்றைக்குத் தலையாட்டினேன், இன்று என்றால் வாங்கவே மாட்டேன். மூடியையும் பக்கவாட்டுக் கைப்பிடியையும் கேட்டு வாங்கி மாட்டுங்கள். கைப்பிடி இல்லாவிட்டால் ஒரு கையால் பிடித்து அறுக்கும் ஆசை வரும். இயந்திரம் எகிறும்போது ஒரு கை அதைத் தாங்காது.

சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தகடு மாட்டாமலே பார்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் விரலை எடுத்ததும் நின்றுவிடும். சிலவற்றில் சுவிட்ச் அப்படியே பூட்டிக்கொள்ளும், கைநழுவி விழுந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். தகடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்குங்கள், பேட்டரி வகை என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். சுவிட்ச் அணைந்திருப்பது மட்டும் போதாது.

தகட்டில் நடக்கும் தவறுகள்

ஆபத்தான தவறுகள் இங்கேதான் அதிகம்.

கட்டிங் தகடு வேறு, கிரைண்டிங் தகடு வேறு. உலோகம் அறுக்கும் தகடு 1 முதல் 2 மி.மீ. கனம் இருக்கும், உராய்க்கும் தகடு 6 மி.மீ. அளவு. தடித்ததை வைத்துப் பூட்டை அறுக்க முயன்றால் வெப்பம்தான் வரும். மெல்லியதன் பக்கவாட்டை வைத்துப் பிசிறைத் தேய்த்தால் தகடு சிதறும். கல் அறுக்கும் தகடோ, மரம் அறுக்கும் பல் வைத்த தகடோ ஏற்கெனவே மாட்டியிருந்தால், "இருக்கட்டும், ஒரு வெட்டுதானே" என்று தொடங்கக் கூடாது. பல் தகடு பூட்டின் இரும்பில் கடித்துக்கொண்டால் இயந்திரம் கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு போகும்.

தகட்டின் மேல் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுழற்சி வேகத்தைப் படியுங்கள். 125 மி.மீ. கட்டிங் தகடுகளில் பொதுவாக நிமிடத்துக்கு 12,250 சுற்று என்று இருக்கும். சிறிய கிரைண்டர்கள் 11,000 சுற்று அளவில் ஓடுகின்றன, அதனால் பொருந்தும். அதே இயந்திரத்தில் மூடியைக் கழற்றிவிட்டு 180 மி.மீ. தகட்டை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தகட்டின் எல்லை 8,500 சுற்று. 80 மீட்டர்/வினாடி என்பது இந்த இரண்டு தகடுகளுக்கும் விளிம்பு வேகத்தின் உச்சம், அதாவது மணிக்கு 288 கி.மீ. அதையும் தாண்டி ஓட்டினால் தகடு உடைந்து பறக்கலாம். துண்டு போகும் திசையில்தான் முகம் இருக்கும்.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. பிசினால் பிணைத்த இந்தத் தகடுகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. பல தகடுகளில் நடுத் துளையைச் சுற்றியிருக்கும் உலோக வளையத்தில் அது அச்சாகியிருக்கும். வழக்கமாக, தயாரித்ததிலிருந்து 3 ஆண்டு. ஈரமான அலமாரியில் கிடந்தாலும் பிசின் பலமிழக்கும். இயந்திரத்தை இரவல் வாங்கலாம், தகட்டை இரவல் வாங்காதீர்கள். புதிதாக ஒன்று வாங்கி மாட்டி, உடம்புக்கு நேராக இல்லாமல் திருப்பிப் பிடித்து அரை நிமிடம் சும்மா ஓட்டிப் பாருங்கள். அதிர்ந்தால் நிறுத்திவிடுங்கள்.

எண்ணெயும் பொறியும்

காலையில் பூட்டில் எண்ணெய் அடித்திருப்போம். மாலையில் பொறுமை போய்க் கிரைண்டரை எடுப்போம். அடித்த எண்ணெய் பூட்டிலும் டயரிலும் தரையிலும் அப்படியே இருக்கும். ஸ்பிரே எண்ணெய்கள் எரியக்கூடியவை. பொறி என்பது எரிந்துகொண்டே பறக்கும் இரும்புத் துகள். இந்த இரண்டும் சந்திக்கக் கூடாது. நன்றாகத் துடைத்து, காயவிட்டு, ஸ்பிரே டப்பாவையும் எண்ணெய்த் துணியையும் தூரத்தில் வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் வண்டி நின்றால் அதையும் நகர்த்தச் சொல்லுங்கள். மின்சைக்கிள் என்றால் பேட்டரியைக் கழற்றி எடுத்துவிடுங்கள்.

பொறி பல மீட்டர் பறக்கும். கண்ணாடியில் பட்டால் புள்ளியாக ஒட்டிக்கொள்ளும், பெயின்ட்டைப் பொசுக்கும். தகரத் துண்டையோ மரப்பலகையையோ நடுவில் மறைப்பாக வையுங்கள். துணியைத் தளர்வாகச் சுற்றிவைப்பது இன்னொரு தவறு. சுழலும் தகடு அதை வாரிச் சுருட்டிக்கொள்ளும். சட்டைக் கை, துண்டு, விரித்த முடி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நைலான் துணி பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும், பருத்தி மேல்.

மூக்குக்கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பக்கவாட்டில் மூடிய கண்ணாடி, அதற்கு மேல் முகத்தடுப்பு. காதுக்கும் அடைப்பு வேண்டும்: 85 டெசிபலுக்கு மேல் காதைக் காக்க வேண்டும் என்பார்கள், கிரைண்டர் 100-ஐ எட்டும்.

எங்கே, எப்படி அறுப்பது

கைக்கு எட்டும் இடத்தில் அறுப்பது என் தவறு. ஃப்ரேமிலிருந்து எந்த இடம் அதிகத் தூரமோ அங்கே அறுக்க வேண்டும், நமக்கு அது வசதியில்லாமல் இருந்தாலும். ஃப்ரேமிலோ முன் ஃபோர்க்கிலோ விழும் சிறு வெட்டு வெறும் அழகுக் குறை அல்ல. ஓட்டும்போது வரும் அழுத்தமெல்லாம் அந்த இடத்தில் குவிந்து, விரிசல் அங்கிருந்து தொடங்கும். கார்பன் ஃப்ரேம் என்றால் வெப்பமே பிசினைக் கெடுக்கும். அதற்குப் பழகிய ஆளைக் கூப்பிடுவது நல்லது.

ஆடும் பூட்டை அறுக்கக் கூடாது. ஒருவர் கையால் பிடித்துக்கொள்ள மற்றவர் அறுப்பது அதைவிட மோசம். கிளாம்ப் போட்டோ கம்பி கட்டியோ அசையாமல் நிறுத்துங்கள். அப்புறம், வெட்டு பாதியைத் தாண்டும்போது பூட்டின் இரண்டு பக்கமும் நெருங்கித் தகட்டைக் கவ்விக்கொள்ளும். இயந்திரம் எகிறுவது அந்தக் கணத்தில்தான். எடை வெட்டை மூடாமல் விரிக்கும்படி சைக்கிளை முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள், தகட்டின் நேர்கோட்டில் நிற்காதீர்கள். அழுத்த வேண்டாம், திருக வேண்டாம். நின்றுபோன தகட்டை வெட்டுக்குள் வைத்தபடியே மறுபடி இயக்கவும் வேண்டாம். வெளியே எடுத்து, முழு வேகம் வந்தபின் உள்ளே இறக்குங்கள்.

யு-பூட்டில் ஒரு வெட்டு போட்டதும் திறந்துகொள்ளும் என்று நினைப்போம். வளையத்தின் இரண்டு காலும் பூட்டப்படும் வகை என்றால் திறக்காது. உடனே கம்பியைக் கொடுத்து நெம்பினால் வளைவது ஃப்ரேம் குழாய். இரண்டாவது வெட்டும் போட்டு, நடுத்துண்டை எடுத்துவிடுங்கள்.

கேபிள் பூட்டுக்குக் கிரைண்டரே தேவையில்லை. கேபிள் வெட்டும் குறடு போதும். கிரைண்டரை வைத்தால் பிளாஸ்டிக் உறை எரிந்து புகைவதுதான் மிச்சம். ட்ரில்லால் சாவித் துளையைத் துளைக்கலாம் என்று இறங்கினால், நல்ல பூட்டுகளில் கெட்டிப்படுத்திய இரும்பில் முட்டி ட்ரில் பிட் மழுங்கும். சாதாரண ஆக்ஸா பிளேடுக்கும் அதே கதி.

அறுத்த பின்

வெட்டிய முனை வெகுநேரம் சுடும், பார்த்தால் தெரியாது. சுவிட்சை அணைத்த பிறகும் தகடு சில நொடி சுற்றும். அதற்குள் கீழே வைத்தால் ஓடும். அரை மணி நேரமாவது அந்த இடத்தைவிட்டுப் போகாதீர்கள், குப்பைக்குள் விழுந்த பொறி மெதுவாகத்தான் புகையும்.

கையையும் முகத்தையும் கழுவாமல் கண்ணைத் தேய்க்காதீர்கள். முடியிலும் புருவத்திலும் இரும்புத் துகள் உட்கார்ந்திருக்கும். கண் உறுத்தினால் "காலையில் சரியாகிவிடும்" என்று படுத்துவிடாதீர்கள். கருவிழியில் தைத்த இரும்புத் துகள் ஒரு நாளுக்குள் துருப்பிடித்துச் சுற்றிலும் கறை போடத் தொடங்கிவிடும். கண் மருத்துவரிடம் போவது மட்டும்தான் வழி.

கிரைண்டரைத் திருப்பித் தரும்போது தூசியைத் துடைத்து, கழற்றிய தகட்டைத் தூக்கிப்போட்டு, புதுத் தகடு ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொடுங்கள். மூடி இல்லாமல் ஓட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவர் அதே கிரைண்டரை, மூடி இல்லாமலே, வேறொருவருக்கு இரவல் கொடுத்திருந்தார்.