நிச்சயமில்லாத தண்ணீருக்குத் தொட்டி கட்டுவது: பைத்தானில் ஒரு செய்முறை

காவேரிப்பட்டணத்தை அடுத்து எங்கள் சித்தப்பாவுக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. பத்து மீட்டர் இடைவெளியில் 120 பெங்களூரா மரங்கள். போன பங்குனியில் பிஞ்சுகள் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. போர்வெல்லில் தண்ணீர் இருந்த நேரத்தில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இருந்த நேரத்தில் தண்ணீர் போதவில்லை. "எவ்வளவு பெரிய தொட்டி கட்டினால் தாங்கும்? நீதான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்" என்றார் சித்தப்பா. அந்தக் கணக்கைப் போட்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பைத்தான் நிரல்மொழி, அதன் கணித நூலகங்களான நம்பை (NumPy), சைபை (SciPy) மூன்றும் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

சராசரியை நம்பாதீர்கள்

கோடையில் மரத்துக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர் என்று வைத்தால் மொத்தத் தேவை 12,000 லிட்டர். போர்வெல்லின் வரத்தைச் சித்தப்பாவிடம் மூன்று எண்களாகக் கேட்டேன்: மிக மோசமான கோடையில் மணிக்கு 1,200 லிட்டர், வழக்கமாக 1,700, நல்ல ஆண்டில் 2,600. இந்த மூன்றையும் வைத்து முக்கோணப் பரவல் ஒன்றை அமைக்கலாம்: நடு எண்ணுக்கு வாய்ப்பு அதிகம், இரு ஓரங்களை நோக்கிப் போகப் போகக் குறையும். அதன் சராசரி 1,833. மும்முனை மின்சாரம் ஏழு மணி நேரம் வந்தால் 12,831 லிட்டர் கிடைக்கும். தேவையைவிட அதிகம், ஆகவே தொட்டியே வேண்டாம் என்கிறது சராசரிக் கணக்கு. ஆனால் 1,200 மட்டுமே வரும் ஆண்டில் கிடைப்பது 8,400 லிட்டர்தான். தினமும் 3,600 குறைகிறது. 18,000 லிட்டர் தொட்டி நிரம்பி இருந்தாலும் ஐந்தே நாளில் காலி. மரம் சராசரியைக் குடித்து வாழ்வதில்லை.

வரத்தை அளக்க 200 லிட்டர் டிரம்மும் கைக்கடிகாரமும் போதும். மோட்டாரைப் போட்டவுடன் அளக்காதீர்கள். போர்வெல்லுக்குள் இரவெல்லாம் ஊறித் தேங்கிய தண்ணீர் முதலில் பாய்ந்து வரும். எங்கள் தோப்பில் முதல் டிரம் மூன்றரை நிமிடத்தில் நிறைந்தது. சித்தப்பா முகம் மலர்ந்தது. ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி வைத்தோம். ஒன்பதரை நிமிடம் ஆனது. அதாவது மணிக்கு 1,263 லிட்டர். சித்திரை மாதத்து உண்மை அதுதான்.

எந்தக் கருவி?

நிச்சயமின்மையைக் கையாளும் கணிமை நுண்ணறிவு முறைகள் பல உண்டு. சுமார், குறைவு, தாராளம் போன்ற சொற்களையே கணக்கில் ஏற்றும் ஃபஸ்ஸி கணங்களை லோத்ஃபி சாதே 1965-ல் முன்வைத்தார். பறவைக் கூட்டத்தைப் பார்த்துப் பிறந்த துகள் திரள் முறையை ஜேம்ஸ் கென்னடியும் ரஸ்ஸல் எபர்ஹார்ட்டும் 1995-ல் தந்தார்கள். ரெய்னர் ஸ்டோர்னும் கென்னத் பிரைஸும் உருவாக்கிய டிஃபரன்ஷியல் எவல்யூஷன் 1997-ல் ஆய்விதழில் வந்தது. தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது கடைசி முறையைத்தான். சைபையில் தயாராக இருக்கிறது, நாமே சரிசெய்ய வேண்டிய அமைப்புகள் குறைவு, முழு எண் மாறிகளையும் ஏற்கும். நரம்பியல் வலையமைப்பை இதற்குள் கொண்டுவராதீர்கள். அதற்குத் தீனி போடும் அளவு தரவு நம்மிடம் இல்லை.

அது வேலை செய்யும் விதம் எளிது. விடைகளின் கூட்டம் ஒன்றை வைத்துக்கொள்கிறது. இரண்டு விடைகளின் வித்தியாசத்தை எடுத்து மூன்றாவதோடு கூட்டிப் புது விடை ஒன்றை உண்டாக்குகிறது. அது பழையதைவிட மேலானால் பழையதை வெளியேற்றுகிறது. மறுபடி, மறுபடி.

மாறிகளும் செலவும்

நான்கு மாறிகள் வைத்தேன்: தொட்டியின் கொள்ளளவு, மின்சாரம் வராத நேரத்தில் மோட்டாரை ஓட்டும் சூரியத் தகடுகளின் கிலோவாட், பிரதான குழாயின் விட்டம், தோப்பை எத்தனை பகுதியாகப் பிரித்துப் பாய்ச்சுவது என்பது. கடைசி இரண்டும் விருப்பப்பட்ட எண்ணாக இருக்க முடியாது. குழாய் 50, 63, 75, 90 மில்லிமீட்டரில்தான் கிடைக்கும். அதனால் அவற்றை வரிசை எண்களாகக் கொடுத்து, முழு எண் என்று அறிவித்துவிட வேண்டும். 63-லிருந்து 75-க்குப் போனால் உராய்வு இழப்பு பாதிக்கும் கீழே இறங்குகிறது என்பதால் இந்த மாறியை அலட்சியம் செய்யக்கூடாது.

குறைக்க வேண்டியது மொத்தச் செலவு. நிபந்தனை, தொண்ணூறு நாள் கோடை முழுவதும் மரங்கள் வாடாமல் கடப்பது. கோடை என்று நான் சொல்வது கணினி உருவாக்கும் கற்பனைக் கோடை: வரத்து, வெப்பம், ஒவ்வொரு நாளின் மின்வெட்டு எல்லாவற்றையும் பகடை போலக் குலுக்கிப் போடுவது. அப்படி நூறு கோடைகளில் ஐந்துக்கு மேல் தவறக்கூடாது. நிபந்தனையை மீறிய விடைக்கு ஒரே அடியாகப் பெரிய தண்டனை போடாதீர்கள். எவ்வளவு மீறியதோ அவ்வளவு செலவைக் கூட்டுங்கள். அப்போதுதான் ஏழு சதவீதத்தில் தவறும் விடை, நாற்பது சதவீதத்தில் தவறுவதைவிட நல்லது என்று நிரலுக்குத் தெரியும். இறுதி விடையைச் சைபை தானாக மேலும் சீராக்கும் மெருகேற்றலையும் (polish) நிறுத்திவிடுங்கள். அது சரிவைப் பார்த்து நகர்வது. தவறிய கோடைகளின் எண்ணிக்கை படிக்கட்டு போன்றது, சரிவே இருக்காது.

நான் இரண்டு வாரம் சிக்கிய இடம்

இதை நிதானமாகப் படியுங்கள். முதலில் ஒவ்வொரு விடையையும் சோதிக்கும்போது புதிதாக 200 கோடைகளைக் குலுக்கிப் போட்டேன். நிரல் அருமையான விடை தந்தது: சின்னத் தொட்டி, குறைந்த செலவு, நான்கு சதவீதமே தவறுதல். அதே விடையைத் தனியாக எடுத்து மறுபடி சோதித்தேன். ஒன்பது சதவீதம். இன்னொரு முறை, எட்டு. நிரலில் பிழை என்று வரிவரியாகத் தேடினேன். பிழை நிரலில் இல்லை.

200 கோடைகளை வைத்து ஐந்து சதவீதத்தை அளந்தால், அளவே ஒன்றரை சதவீதம் இப்படியும் அப்படியும் ஆடும். ஆயிரக்கணக்கான விடைகளைச் சோதிக்கும்போது அவற்றில் சில, அதிர்ஷ்டத்தால் சுலபமான கோடைகளைப் பெற்றுவிடும். டிஃபரன்ஷியல் எவல்யூஷன் பழைய மதிப்பெண்ணை மறுபடி சரிபார்ப்பதில்லை. ஒருமுறை அதிர்ஷ்டம் அடித்த விடை உயரத்தில் உட்கார்ந்துவிடும். நேர்மையான விடைகள் அதை அசைக்க முடியாது.

தீர்வு இதுதான். 2,000 கோடைகளை ஒரே முறை உருவாக்கிச் சேமியுங்கள். எல்லா விடைகளையும் அதே 2,000 கோடைகளில் ஓட்டுங்கள். ஒரே வினாத்தாளில் எல்லோரும் தேர்வு எழுதுவது போல. தேடல் முடிந்ததும், அது ஒருபோதும் காணாத புதிய 10,000 கோடைகளில் இறுதி விடையைச் சோதியுங்கள். இரண்டு எண்களும் நெருங்கினால் நம்பலாம்.

இரண்டாவது கண்ணி: வரத்தையும் மின்சார நேரத்தையும் வெப்பத்தையும் தனித்தனியாகக் குலுக்காதீர்கள். வறட்சி ஆண்டில் இவை கைகோத்தே வரும். நிலத்தடி நீர் இறங்கும் அதே கோடையில்தான் மரத்தின் தேவை ஏறும். ஆண்டுக்கு ஒரு வறட்சி அளவை முதலில் குலுக்கி, மற்றவற்றை அதைச் சார்ந்து அமையுங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு மாறிகளுக்கு 60 விடைகள் கொண்ட கூட்டம், நூறு தலைமுறை (அதாவது நூறு சுற்று) என்றால் சுமார் 6,000 சோதனைகள். ஒவ்வொன்றிலும் 2,000 கோடை, 90 நாள். நூறு கோடி நாட்களுக்கு மேல். 2,000 கோடைகளையும் ஒரே நம்பை வரிசையாக வைத்து, நாட்களுக்கு மட்டும் சுழற்சி எழுதுங்கள். என் பழைய லேப்டாப்பில் சில நிமிடங்களில் முடிந்தது.

குலுக்கலைத் தொடங்கி வைக்கும் தொடக்க எண்ணை (seed) மாற்றி ஐந்து முறை ஓட்டிப் பார்த்தேன். தொட்டி 36,000 முதல் 41,000 லிட்டர் வரை மாறியது, செலவு மட்டும் ஏறக்குறைய மாறவில்லை. அந்த இடத்தில் கணினியைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. கொத்தனாருக்கு எது வசதியோ அதைச் செய்யலாம். சூரியத் தகடு எல்லா விடையிலும் இருந்தது. தொட்டி நாளுக்கு நாள் வரும் பற்றாக்குறையைத் தாங்கும், ஒரு பருவம் முழுக்க நீளும் பற்றாக்குறையைத் தாங்காது. மணிக்கு 1,200 லிட்டர்தான் என்றால் 12,000-க்குப் பத்து மணி நேரம் ஓடியாக வேண்டும்.

பின்சேர்க்கை

பாலக்கோட்டில் தக்காளி பயிரிடும் ஒரு வாசகர் கேட்டார்: "மின்வெட்டை ஒவ்வொரு நாளும் தனித்தனியாகக் குலுக்கியிருக்கிறீர்களே, டிரான்ஸ்பார்மர் எரிந்தால் நான்கு நாள் சேர்ந்தாற்போல் வராதே?" அவர் சொன்னது முற்றிலும் சரி. இன்று மின்சாரம் இல்லை என்றால் நாளையும் இல்லாமல் இருக்கும் வாய்ப்பை உயர்த்தி மாற்றி எழுதினேன். மாதத்தில் மொத்த வெட்டு நேரம் அதேதான். தொட்டி மட்டும் 52,000 லிட்டராக வளர்ந்தது. அதற்குள் 40,000-க்கு வாணம் தோண்டியிருந்தார்கள். சித்தப்பாவிடம் போனில் சொன்னேன். மறுநாளே கயிற்றைப் பிடித்து நீளத்தில் இரண்டு மீட்டர் கூட்டி அடையாளம் போட்டுவிட்டார்.