பட்டுப் புரதத் துணை உணவு: பாதுகாப்புச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டுக்கூட்டில் முக்கியமான புரதங்கள் இரண்டு: இழையாக இருக்கும் ஃபைப்ரோயின், அதைச் சுற்றிப் பசையாக ஒட்டியிருக்கும் செரிசின். டப்பாவில் 'பட்டுப் புரதம்' என்று போட்டிருந்தால் எது எவ்வளவு என்று தெரியாது. அது தெரியாமலே ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுக்கத் தொடங்குவதுதான் பெரிய தவறு. பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

தயாரிப்பு முறையைக் கேட்டு வாங்குங்கள். ஃபைப்ரோயினைக் கரைக்க ஆய்வகங்களில் லித்தியம் புரோமைடு பயன்படுத்துவது வழக்கம். பிறகு டயாலிசிஸ் (நுண்சவ்வு வழியாகக் கரைசலிலிருந்து உப்பை நீக்குவது) சரியாகச் செய்யாவிட்டால் அது பொடியிலேயே தங்கிவிடும். லித்தியம் சிறுநீரகத்தையும் தைராய்டையும் பாதிக்கக்கூடியது. புரோமைடோ ரத்தக் குளோரைடு அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். அமிலத்தால் சிதைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து நடுநிலையாக்கிய பொடி என்றால் உப்பு நிறைய இருக்கும். அப்போது ரத்த அழுத்தம் ஏறினால் காரணம் புரதமா, உப்பா? லித்தியம், சோடியம், ஈயம், ஆர்செனிக், காட்மியம், பாதரசம், நுண்ணுயிர் எண்ணிக்கை எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்து, சோதனை முடியும்வரை ஒரே பேட்ச்சைக் கொடுங்கள்.

டோஸ் கணக்கிலும் சறுக்கல் உண்டு. புரதத்தில் சுமார் 16% நைட்ரஜன் என்று வைத்துக்கொண்டு, நைட்ரஜன் அளவை வழக்கம்போல 6.25-ஆல் பெருக்கினால் ஃபைப்ரோயினில் புரதம் கூடுதலாகத் தெரியும். அதில் கிளைசின் என்ற அமினோ அமிலம் மிக அதிகம். கிளைசினின் எடையில் சுமார் 18.7% நைட்ரஜன். விளைவு? கொடுத்தது குறைவு, 'பாதுகாப்பானது' என்று எழுதுவது அதைவிடப் பெரிய அளவுக்கு. அமினோ அமிலப் பகுப்பாய்வை வைத்து டோஸை முடிவு செய்யுங்கள்.

ஒவ்வாமையைப் பொறுத்தவரை, "பட்டு ஒத்துக்கொள்ளுமா?" என்று கேட்டால் போதாது. பட்டுப்புழுவின் சில புரதங்கள் இறால், தூசிப்பூச்சி, கரப்பான் ஆகியவற்றின் புரதங்களை ஒத்தவை. கூட்டுப்புழுவின் எச்சம் கலந்திருந்தால் ஆபத்து அதிகம். இந்த ஒவ்வாமை உள்ளவர்களைச் சேர்க்காதீர்கள். முதல் டோஸை மையத்திலேயே கொடுத்து, அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் இடத்தில் இருக்க, சில மணி நேரம் கவனியுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் ஏமாறுவது எளிது. புரதப் பொடிச் சோதனைக்கு ஜிம்முக்குப் போகிறவர்கள்தான் ஆர்வமாக வருவார்கள். முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி செய்தவருக்கு, கல்லீரலிலும் தசையிலும் உள்ள நொதிகளான ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. இரண்டுமே ஏறும், கல்லீரல் கெட்டுவிட்டது என்று பதறுவார்கள். ரத்தம் எடுப்பதற்கு 72 மணி நேரம் முன்பிருந்தே கடும் பயிற்சி வேண்டாம். சந்தேகம் வந்தால், தசைச் சிதைவைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ் நொதியையும் பாருங்கள். புரதம் கூடினால் யூரியா சற்று ஏறுவது இயல்பு. சிறுநீரகச் செயல்பாட்டை அறியப் பார்க்கும் கிரியேட்டினினைச் சமைத்த இறைச்சி ஏற்றும் என்பதால் வெறும் வயிற்றில், ஒரே நேரத்தில் ரத்தம் எடுங்கள்.

குழுவின் சராசரியை மட்டும் பார்ப்பதும் தவறு. ஒருவருக்கு ஏ.எல்.டி. மும்மடங்காகியிருந்தாலும் சராசரி அதை விழுங்கிவிடும். ஏ.எல்.டி. இயல்பின் மேல்வரம்பைப் போல 3 மடங்கையும், பிலிரூபின் (மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமி) 2 மடங்கையும் ஒருசேரத் தாண்டினால் பொடியை நிறுத்தி உடனே விசாரிக்க வேண்டும். இந்த விதி முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே சோதனையின் எழுத்துத் திட்டத்தில் இருக்கட்டும்.

30 பேருக்குக் கொடுத்து யாருக்கும் கடும் பாதகம் வரவில்லை என்றாலும், அதன் உண்மையான விகிதம் 10% வரை இருக்கக்கூடும். 3-ஐ ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் தோராயம் அது. ஆகவே அறிக்கையில் 'பாதுகாப்பானது' என்று எழுதாமல், எத்தனை பேருக்கு, எந்த பேட்ச், எத்தனை கிராம், எத்தனை நாள் கொடுத்ததில் பாதகம் தென்படவில்லை என்று எழுதுங்கள்.