சம்மன் வரவில்லை என்று எதிர்த்தரப்பு சொன்னபோது

கடன் வழக்கில் பிரதிவாதி வராமலேயே ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்த பிறகு, "எனக்குச் சம்மனே வரவில்லை" என்று அதை நீக்கக் கோரி மனுப் போட்டார் அவர். அவர் வாங்க மறுத்ததால், சம்மனைக் கொண்டுபோகும் நீதிமன்ற ஊழியரான அமீனா கதவில் ஒட்டிவிட்டுப் போன சம்மன் அது!

முதலில் அமீனா அறிக்கையின் சான்றிட்ட நகலை வாங்கினேன். ஒட்டிய தேதி, வீட்டை அடையாளம் காட்டியவரின் பெயர், விலாசம், யார் முன்னிலையில் ஒட்டினார் என்பது எல்லாம் அந்த ஒரே தாளில் இருந்தன. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 5 விதி 17 கேட்பதும் பெரும்பாலும் இதைத்தான்.

ஆனால் அறிக்கை உண்மை என்று உறுதிசெய்யும் அமீனாவின் பிரமாணப் பத்திரம் அதனுடன் இல்லை. சரி, அப்படியானால் விதி 19-இன்படி நீதிமன்றம் அவரைப் பிரமாணத்தின்பேரில் விசாரித்தே ஆகவேண்டும். அதைக் கேட்டு மனுச் செய்தோம். அமீனா சாட்சி சொன்னார். அடையாளம் காட்டிய பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார். பிரதிவாதியின் மனு தள்ளுபடியானது.