பழைய ஹாலைப் புதுப்பிக்கும்போது காசு கரையும் இடங்கள்

பல வருடம் பூட்டிக் கிடந்த ஹாலைத் திறந்ததும் முதலில் ஓடுவது பெயிண்ட் கடைக்கு. குமரி மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று. நடுவில் சுவர் முழுசாகக் காய நேரமே கிடைப்பதில்லை. பெயிண்ட் வேலைக்கு ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரைதான் நல்ல காலம். ஓணத்துக்கோ தீபாவளிக்கோ அவசரமாக அடித்தால் அடுத்த மழையில் உரியும்.

தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரம்வரை பூச்சு உப்பி, தட்டினால் மாவாக உதிர்கிறதா? ஓதம், அதாவது சுவருக்குள் ஈரம், ஏறியிருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஓரடிச் சதுரத்தில் பாலிதீன் துண்டு வெட்டி, நாலு ஓரத்திலும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விடுங்கள். சுவரைத் தொடும் பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் வியர்த்தால் அது காற்றின் ஈரம். ஜன்னலைத் தினமும் திறந்து வைத்தாலே பாதி குறையும்.

ஓதம் என்று தெரிந்தபிறகும் உள்பக்கம் ‘டேம்ப் புரூஃப்’ அடித்து மூடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. தண்ணீர் அதற்கு அடங்காது. உப்பையும் சேர்த்துக்கொண்டு மேலே ஏறி, பூச்சு முடிகிற இடத்தில் பொரிந்து கிளம்பும். காரணம் பெரும்பாலும் வெளியே இருக்கும். முற்றத்தில் மண் கொட்டி இன்டர்லாக் கல் பதித்ததில் வெளித்தரை உயர்ந்திருக்கலாம். ஹால் தரையைவிட ஆறு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். ஓட்டுத் தண்ணீர் சுவரோரமே விழலாம். சுவருக்கு மறுபக்கம் குளியலறை இருக்கலாம். அதைச் சரிசெய்த பின்பே ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல்வரை பூச்சைக் கொத்தி எடுங்கள். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, காயவிட்டுப் பூசுங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவருக்குச் சிமெண்ட் ஒட்டுப் போடாதீர்கள். ஈரம் ஒட்டின் ஓரத்தில் வந்து நிற்கும். சிமெண்ட் பூச்சென்றால் ஏழு நாள் நனைத்து, மொத்தம் 28 நாள் கழித்துத்தான் பிரைமர்.

பட்டி பார்க்குமுன் சுவரில் உள்ளங்கையைத் தேயுங்கள். வெள்ளை ஒட்டினால் பழைய சுண்ணாம்பு அடுக்கு இன்னும் இருக்கிறது. சுரண்டாமல் பட்டி இழுத்தால் தகடு தகடாக வரும். ஒரு கை பட்டி ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் கனக்கக் கூடாது. பெயிண்ட் அளவு: 12க்கு 14 அடி ஹால், பத்தடி உயரம் என்றால் கதவு ஜன்னல் போகச் சுமார் 420 சதுரடிச் சுவர். பட்டி பார்த்த சுவருக்கு இரண்டு கோட் எமல்ஷனுக்கு நாலு லிட்டர் போதும்.

பெயிண்ட் முடிந்தபின் ஏசி பாயிண்ட் ஞாபகம் வருவது வழக்கமாகிவிட்டது. வயரிங்கை முதலில் முடியுங்கள்: லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் வயர். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி கட்டாயம்.

ஓட்டு வீட்டில் ஜிப்சம் சீலிங் அடிக்குமுன் ஓட்டைப் பிரித்து, நொறுங்கியதை மாற்றி, கழுக்கோலில் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரத்தில்) கறையான் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். மரப்பட்டி (மரநாய்) ஒரு ஓட்டை நகர்த்தினால் போதும், சீலிங்கில் பழுப்பு வட்டம் விழும். மேலே எங்கே ஒழுகுகிறது என்று தேடவும் முடியாது. குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்தில் ஸ்குருவெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

தரை விஷயத்தில் ஒரு வார்த்தை. பத்மநாபபுரம் அரண்மனையில் கருந்தரையின் பளபளப்பை வியந்து பார்த்துவிட்டு வந்து, வீட்டில் இருக்கிற சிவப்பு ஆக்சைடு தரையை உடைப்பவர்கள் அநேகம். கீறல் இல்லாத தரையென்றால் சோப்புத் தண்ணீரில் தேய்த்து, காய்ந்தபின் மெழுகு பூசினால் போதும். ஆசிட் ஊற்றாதீர்கள், சிமெண்டை அரித்துச் சொரசொரப்பாக்கிவிடும். டைல்ஸ்தான் வேண்டுமென்றால் கதவை முதலில் அளந்துகொள்ளுங்கள். சாந்துப் படுக்கையோடு தரை இரண்டங்குலம் உயரும். தேக்கு, அயினிக் கதவின் அடியை அறுக்க நேரும். பழைய தரை உறுதியாக இருந்தால் பசையில் ஒட்டுவது அரை முக்கால் அங்குலத்தோடு முடியும். பளபள டைல்ஸ் மழைக்காலத்தில் வழுக்கும், மேட் எடுங்கள்.

கடைசியில் சாமான் அடுக்கும்போது அலமாரியையும் சோபாவையும் சுவரோடு ஒட்டாமல் மூன்றங்குலம் தள்ளிப் போடுங்கள், பின்னால் காற்றோடட்டும்.