ஒற்றையர் பழக்கத்தை இரட்டையர் கோர்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்

பல ஆண்டுகள் ஒற்றையர் மட்டுமே ஆடிவிட்டு, முழங்கால் முறையிடத் தொடங்கிய வயதில் இரட்டையருக்கு மாறியவன் நான். முதல் நாள் மாலை எதிரணியின் சர்வீஸை நேர்கோட்டில் விளாசினேன். ஒற்றையரில் எனக்குப் பெயர் வாங்கித் தந்த அடி அது. வலையருகே நின்றிருந்த, அறுபதைத் தாண்டிய ஒருவர், மட்டையை ஒரு சாண்கூட ஓங்காமல் பந்தை எங்கள் இருவருக்கும் நடுவே தட்டிவிட்டார். மறுபடி விளாசினேன். மறுபடி தட்டினார். மூன்றாவது முறை என் கூட்டாளி மெல்லிய குரலில் சொன்னார்: "சார், அங்கே ஒருவர் நிற்கிறார்."

டென்னிஸில் ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். அடிக்கத் தெரியாமல் தோற்பதில்லை. போன ஆட்டத்தில் பலித்த பழக்கம் இந்த ஆட்டத்தில் காலை வாரிவிடுகிறது. பந்தும் மட்டையும் ஒன்றாக இருப்பதால் ஆட்டமும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

லியாண்டர் பயஸை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பயிற்சி பெற்று வளர்ந்தவர். ஒற்றையர் தரவரிசையில் அவர் தொட்ட உச்சம் 73. இரட்டையரிலும் கலப்பு இரட்டையரிலும் சேர்த்து அவர் வென்ற கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் 18. ரோகன் போபண்ணா 2024-இல் ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 43. ஒற்றையரில் தோற்றவர்கள் ஒதுங்கும் இடம் இரட்டையர் என்று யாராவது சொன்னால், அவர் வலையருகே நின்று ஆடியதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு எங்கே மாறுகிறது

கோர்ட்டின் நீளம் இரண்டுக்கும் 78 அடிதான். அகலம் ஒற்றையருக்கு 27 அடி, இரட்டையருக்கு 36 அடி. கோர்ட் பெரிதாகிவிட்டது, இனி காலி இடம் நிறையக் கிடைக்கும் என்று புதியவர் மகிழ்கிறார். ஆனால் 36 அடியை இருவர் பங்கிட்டால் ஆளுக்கு 18 அடி. ஒற்றையரில் ஒருவர் தனியாக 27 அடியைக் காத்தார். ஆகவே இரட்டையரில் காலி இடம் குறைகிறது. எதிராளி இல்லாத இடத்தைத் தேடி அடிக்கும் ஒற்றையர் புத்தி இங்கே பலிக்காததற்கு இதுவே காரணம். இருப்பவரின் காலடியில், அல்லது இருவருக்கும் நடுவில் அடிக்க வேண்டும்.

நடுவில் அடிப்பதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. வலை கம்பங்களின் அருகே மூன்றரை அடி உயரம், நடுவில் மூன்று அடி. அந்த ஆறு அங்குலம் சும்மா கிடைக்கும் சலுகை. அதோடு நடுவில் வரும் பந்தைப் பார்த்து எதிரணியினர் இருவரும் "உங்கள் பந்து சார்" என்று மரியாதை காட்டி விட்டுவிடுவார்கள். நம் ஊர் மாலை நேரக் கோர்ட்டுகளில் இந்த மரியாதையால் போன புள்ளிகளுக்குக் கணக்கே கிடையாது. நடுப்பந்து யாருடையது என்பதை முதல் சர்வீஸுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். நடுவில் எவருடைய ஃபோர்ஹேண்ட் இருக்கிறதோ அவர் எடுப்பது வழக்கமான ஏற்பாடு. வேறு எந்த ஏற்பாடும் சரிதான், ஏற்பாடு என்று ஒன்று இருக்க வேண்டும்.

அடுத்தது நிற்கும் இடம். ஒருவர் வலையருகே, மற்றவர் பேஸ்லைனில், அதாவது கோர்ட்டின் பின்கோட்டில், என்று தொடங்குவதில் பிழையில்லை. புள்ளி முடியும்வரை அப்படியே உறைந்து நிற்பதுதான் பிழை. இருவருக்கும் நடுவே குறுக்காக ஒரு பெரிய வழி திறந்து கிடக்கும். ஓரளவு ஆடத் தெரிந்த எதிரணிகூட அதைக் கண்டுபிடித்துவிடும். ஒரே நுகத்தடியில் பூட்டிய மாடுகள்போல இருவரும் சேர்ந்து நகர வேண்டும். கூட்டாளி பக்கவாட்டில் இழுக்கப்பட்டால் நீங்களும் அந்தப் பக்கம் இரண்டடி போக வேண்டும். உங்கள் தலைக்கு மேல் லாப் (உயரத் தூக்கி அடித்த பந்து) போய்க் கூட்டாளி அதைத் துரத்திக்கொண்டு குறுக்கே ஓடினால், அவர் விட்ட பக்கத்துக்கு நீங்கள் மாற வேண்டும். ஒற்றையரில் ஊறியவருக்கு இது எளிதில் வராது. பந்தை மட்டும் பார்த்தே பழகியவர் அவர்.

கூட்டாளி சர்வீஸ் போடும்போது திரும்பிப் பார்ப்பது இன்னொரு கெட்ட பழக்கம். பந்து வரும்போது முகம் பின்னால் இருக்கும். திரும்புவதற்குள் பந்து உங்களைக் கடந்திருக்கும். கண் எதிரணியின் மீது இருக்கட்டும். கூட்டாளி போடும் பந்து உங்கள் முதுகில் பட்டால் அது ஃபால்ட் (பிழையான சர்வீஸ்) மட்டுமே, இரண்டாவது சர்வீஸ் மிச்சமிருக்கலாம். ஆனால் எதிராளியின் சர்வீஸ், அதைத் திருப்பி அடிக்க வேண்டியவரின் கூட்டாளிமீது தரையில் படுவதற்கு முன் பட்டால் புள்ளியே எதிராளிக்குப் போய்விடும். பந்து வெளியே போகிறதென்று கையால் பிடித்துத் தருகிற நல்ல மனதுக்கும் அதே தண்டனைதான்.

சர்வீஸில் ஒரு சின்னத் திருத்தம். ஒற்றையரில் நடுக்குறிக்குப் பக்கத்தில் நின்று போடுவோம். இரட்டையரில் அங்கிருந்து சில அடிகள் ஓரமாக நகர்ந்து நிற்பது நல்லது, குறுக்காகத் திரும்பிவரும் பந்தைக் காப்பது உங்கள் பொறுப்பு என்பதால். முழு வேகத்தில் ஏஸ் (எதிராளி தொடவே முடியாத சர்வீஸ்) தேடுவதைவிட முக்கால் வேகத்தில் முதல் சர்வீஸை உள்ளே இறக்குவது மேல். வலையருகே நிற்கும் கூட்டாளிக்கு வேலை கிடைப்பது அப்போதுதான். ஒன்றை மறக்க வேண்டாம்: இரட்டையரிலும் சர்வீஸ் கட்டம் அகலமாவதில்லை. இரட்டையருக்கென்று கூடும் ஓரப்பட்டையில் விழுந்த சர்வீஸை "இரட்டையர்தானே, உள்ளே" என்று வாதிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வரிசை தப்பினால்

சர்வீஸ் வரிசை ஒரு செட் முழுவதற்கும் மாறாது. நால்வரும் முறைவைத்துப் போட வேண்டும். சர்வீஸை எடுக்கும், அதாவது திருப்பி அடிக்கும், பக்கமும் அப்படித்தான்: செட்டின் தொடக்கத்தில் வலப்பக்கம் எடுத்தவர் அந்த செட் முடியும்வரை வலப்பக்கமே. "பேக்ஹேண்ட் சரியில்லை, இந்த கேமுக்குப் பக்கம் மாற்றிக்கொள்ளலாமா" என்பதற்கு விதியில் இடமில்லை. அடுத்த செட் தொடங்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.

தப்பு நடந்துவிட்டால் என்ன செய்வது? நம் ஆட்கள் கேமையே அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். அது தவறு. ஆடி முடித்த புள்ளிகள் நிற்கும். முறை தவறி வேறொருவர் சர்வீஸ் போடுவது கேமின் நடுவில் தெரியவந்தால் உடனே சரியானவர் போட வேண்டும். கேம் முடிந்த பிறகு தெரிந்தால், மாறிய வரிசையே தொடரும். சர்வீஸ் எடுக்கும் பக்கம் மாறிப்போனது தெரியவந்தால், அந்த கேம் முடியும்வரை அப்படியே ஆடிவிட்டு, அடுத்து சர்வீஸ் எடுக்கும் கேமில் பழைய பக்கங்களுக்குத் திரும்ப வேண்டும்.

டை பிரேக் குழப்பங்கள்

செட்டில் ஆளுக்கு ஆறு கேம், அதாவது 6-6, ஆனதும் அதை முடிக்க டை பிரேக் வரும்; கோர்ட்டில் கூட்டம் கூடிவிடும். ஆளுக்கொரு விதி சொல்வார்கள். முறை இதுதான். சர்வீஸ் முறை யாருடையதோ அவர் வலப்பக்கத்திலிருந்து ஒரே ஒரு புள்ளிக்குப் போடுவார். அதன்பின் எதிரணி இரண்டு புள்ளிகளுக்கு, அதுவும் இடப்பக்கத்திலிருந்து தொடங்கி. பிறகு மாறி மாறி இரண்டிரண்டு. ஆறு புள்ளிகளுக்கு ஒருமுறை பக்கம் மாற வேண்டும். ஏழு புள்ளி, இரண்டு வித்தியாசம். டை பிரேக்கின் முதல் புள்ளிக்கு யார் சர்வீஸ் போட்டாரோ அவருடைய எதிராளிதான் அடுத்த செட்டைத் தொடங்க வேண்டும். இது பாதிப் பேருக்கு மறந்துபோகும்.

2010 விம்பிள்டன் ஒற்றையரில் அமெரிக்காவின் ஜான் இஸ்னரும் பிரான்ஸின் நிக்கோலா மஹூவும் ஒரே ஆட்டத்தை 11 மணி நேரம் 5 நிமிடம் ஆடினார்கள். கடைசி செட் 70-68. அப்போது விம்பிள்டன் கடைசி செட்டில் டை பிரேக் கிடையாது. 2022 முதல் நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் கடைசி செட்டில் 6-6 ஆனால் பத்துப் புள்ளி டை பிரேக் வருகிறது. பழைய ஆட்டங்களைப் பார்த்து விதி கற்றவர்கள் சண்டை போடுவது இந்த இடத்தில்தான். இதையும் மேட்ச் டை பிரேக்கையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரட்டையர் போட்டிகள் பலவற்றில் ஆளுக்கொரு செட் ஆனதும், மூன்றாவது செட்டே ஆடாமல் அதற்குப் பதிலாகப் பத்துப் புள்ளி ஆடுகிறார்களே, அதுதான் மேட்ச் டை பிரேக். புதிய செட்டைப்போல, அதற்கு முன் அணிக்குள் சர்வீஸ் வரிசையையும் எடுக்கும் பக்கத்தையும் மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. நல்ல சர்வீஸ் உள்ளவரை முதலில் அனுப்பும் இந்த வாய்ப்பை எத்தனை அணிகள் வீணடிக்கின்றன!

அட்வான்டேஜ் இல்லாத முறையிலும் ஒரு வழுக்கல் உண்டு. 40-40 ஆனதும் ஒரே புள்ளியில் கேம் முடியும். எந்தப் பக்கம் எடுப்பது என்பதைச் சர்வீஸ் எடுக்கும் அணி தீர்மானிக்கும். சர்வீஸ் போடுகிறவர் அல்ல. ஆனால் அந்தப் புள்ளிக்காக இருவரும் இடம் மாறி நிற்க முடியாது. கலப்பு இரட்டையரில் அந்தத் தேர்வும் இல்லை: ஆண் போட்டால் ஆண் எடுக்க வேண்டும், பெண் போட்டால் பெண் எடுக்க வேண்டும்.

கலப்பு இரட்டையர் என்றதும் சொல்லாமல் விட முடியவில்லை. பெண் கூட்டாளியை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு எல்லாப் பந்துக்கும் பாயும் ஆண்கள் ஒவ்வொரு கிளப்பிலும் இருக்கிறார்கள். அவர்கள் விட்டுவந்த இடத்தில் எதிரணி பந்தைப் போடும். பிறகு "நீங்கள் எடுத்திருக்கலாமே அம்மா" என்று அந்தப் பெண்மணியிடமே கேட்பார்கள்.

குறுகிய வடிவங்களில் வேறு மாதிரிச் சிக்கல். 2015-இல் ஆஸ்திரேலியா முன்வைத்த ஃபாஸ்ட்4 முறையில் நான்கு கேம் எடுத்தால் செட், 3-3 ஆனால் டை பிரேக், அட்வான்டேஜ் கிடையாது. சர்வீஸ் வலையில் உரசி உள்ளே விழுந்தால் ஆட்டம் தொடரும். "லெட்" (மறு சர்வீஸ்) என்று கையைத் தூக்கி நின்றவர் புள்ளியை இழப்பார். இதைவிடப் பெரிய இழப்பு, நிதானமாகச் சூடு பிடிக்கிறவர்களுக்கு. ஆறு கேம் செட்டில் 0-2 ஒரு சறுக்கல். நான்கு கேம் செட்டில் 0-2 என்றால் பாதிச் செட் போயிற்று. ஆட்டத்துக்கு முன்பே வியர்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது துள்ளல்

சக்கர நாற்காலி டென்னிஸில் ஒரு விதி மட்டுமே பெரிதாக மாறுகிறது: பந்து இருமுறை துள்ளலாம். முதல் துள்ளல் கோர்ட்டுக்குள் இருக்க வேண்டும், இரண்டாவது வெளியே விழுந்தாலும் பரவாயில்லை. நின்று ஆடுகிறவர் சக்கர நாற்காலி ஆட்டக்காரரோடு சேர்ந்து ஆடும்போது, நின்று ஆடுகிறவருக்கு ஒரு துள்ளல்தான். இங்கே நடக்கும் தவறு பெரும்பாலும் இரக்கத்தால் வருவது. பந்தை மெதுவாக, வலைக்குப் பக்கத்தில் குட்டையாகப் போட்டுக் கொடுப்பார்கள். சக்கரத்தில் இருப்பவருக்கு மிகக் கடினமான பந்து அதுதான். திடீரென்று முன்னால் பாய்ந்து, உடனே திரும்ப வேண்டும். ஆழமாக விழும் பந்தை இரண்டாம் துள்ளலுக்கு விட்டு அவர் வசதியாக அடித்துவிடுவார். நாற்காலியும் உடம்பின் பகுதிதான். பந்து அதில் பட்டால் புள்ளி போகும். அந்தப் புள்ளியைப் "பரவாயில்லை" என்று விட்டுக்கொடுப்பது அவரை ஆட்டக்காரராக மதிக்காததற்குச் சமம்.

கடற்கரை டென்னிஸ் இதற்கு நேர் எதிர். அங்கே துள்ளலே கிடையாது, மணலில் விழுந்தால் புள்ளி முடிந்தது. சர்வீஸும் ஒன்றே ஒன்றுதான். கோர்ட் டென்னிஸ் ஆடியவர்கள் பந்து எழும்பும் என்று அரை நொடி காத்திருப்பார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

மஞ்சள் பந்துப் பெருமை

கடைசியாகப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை. ஏழு வயதுப் பிள்ளைக்கு 27 அங்குல மட்டையையும் பெரியவர்கள் ஆடும் மஞ்சள் பந்தையும் வாங்கித் தருவது பாசம்தான். ஆனால் அந்தப் பந்து எழும்பி அவன் தலைக்கு மேல் போகும். அதை எட்டி அடிக்க மட்டையைக் கோணலாகப் பிடிப்பான்; பத்து வயதில் அந்தப் பிடியை மாற்றப் பயிற்சியாளருக்குப் பணம் கட்டுவீர்கள். குழந்தைகளுக்கென்றே மூன்று பந்துகள் இருக்கின்றன. சிவப்பு மஞ்சளைவிட 75 விழுக்காடு மெதுவானது, ஆரஞ்சு 50, பச்சை 25. சிவப்புப் பந்துக்கு 36 அடி நீளக் கோர்ட், ஆரஞ்சுக்கு 60 அடி, பச்சைக்கு முழுக் கோர்ட். பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்து கூடாது என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதி 2012-லேயே வந்துவிட்டது.

"பக்கத்து வீட்டுப் பையன் மஞ்சளில் ஆடுகிறானே" என்று ஒரு தகப்பனார் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். அவர் மகன் ஆடுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்கச் சொன்னேன். பந்து இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே வந்தால் அந்த நிறம் அவனுக்குச் சரி. தோளுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தால், வெட்கப்படாமல் ஒரு நிறம் இறங்க வேண்டும். அடுத்த வாரம் அவர் பையில் ஆரஞ்சுப் பந்துகள் இருந்தன.